மருமகனுடைய காரின் பிரேக்

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து சேர்வார். சாய்ந்தமருதில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த மருமகன் நிந்தவூர்க்காரர், கட்டாரில் வேலை. அவரோடு ஒரு காரும் வந்தது. இரண்டே கதவு, இரண்டே ஆசனம், நிலத்தோடு நிலமாகப் படுத்துக் கிடக்கிற ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார். அது எங்கள் வளவுக்குள் நுழைந்த அன்றைக்கு ஒழுங்கையில் உள்ள அத்தனை வீடும் வெளியே வந்து நின்றது.

நான் சாரன், அதாவது கைலி விற்கிற கடைக்காரன். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன், மிச்சத்தைக் கடைக்கு வருகிறவர்களின் வாயிலிருந்து பொறுக்கிக்கொண்டவன். அன்றைக்குப் பொறுக்கி முடியவில்லை. என்னை அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடுகிற முன்வீட்டு மீன் வியாபாரி காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "காக்கா, இதுக்குள்ள ஏறுறதா, இல்லாட்டி சாரன் மாதிரி உடுத்துறதா?" என்று கேட்டார். அவருடைய மனைவி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "உடுத்தினாலும் குனிஞ்சுதான் உடுத்தணும் போல" என்றார். மருமகனும் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்தது.

கல்யாணம் முடிந்து கொஞ்ச நாளில் அவர் கட்டார் திரும்பிவிட்டார். கார் மாமரத்தின் கீழே படங்கு போர்த்திக்கொண்டு கிடந்தது. கடல் எங்களுக்குக் கூப்பிடு தூரம். உப்புக் காற்றுக்குப் படங்கும் ஒன்றுதான், சல்லடையும் ஒன்றுதான். இந்த முறை விடுமுறையில் வந்து அவர் படங்கை இழுத்தபோது டயர்களில் கிழவனின் குதிக்கால் போல வெடிப்பு. ரிம்மெல்லாம் வெள்ளை வெள்ளையாய்ப் பூத்துப்போயிருந்தது.

"மாமா, நாலு சக்கரத்தையும் மாத்தணும். மாத்திட்டு இவவையும் கூட்டிட்டுக் கண்டிக்குப் போய்ட்டு வாறம்" என்றார். அவரோடு வேலை செய்யும் சிநேகிதரின் வீடு கண்டியில். மகளின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, உடுப்புப் பையை அப்போதே எடுத்துவிட்டாள்.

கண்டிக்கு மஹியங்கனை வழியாகத்தான் போக வேண்டும். அங்கே பதினெட்டு வளைவு. போகும்போது ஏற்றம், திரும்பும்போது இறக்கம். எங்கள் கரையில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. பள்ளிவாசலுக்கு முன்னால் போட்ட வேகத்தடைதான் எங்களுக்கு மலை. இந்தத் தட்டை நிலத்தில் ஒரு காரின் பிரேக் கெட்டுப்போனால், காலை எடுத்தாலே வண்டி நின்றுவிடும், யாருக்கும் தெரியவராது.

கல்முனைப் பிரதான வீதியில் டயர்க் கடைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். சுவர் முழுக்க ரிம்கள், தட்டு அடுக்கின மாதிரி. மருமகன் தெரியாமல் வந்தவர் அல்ல. கடைக்காரர் பளபளவென்று ஒரு டயரை உருட்டி வர, குனிந்து அதன் பக்கவாட்டில் நாலு இலக்கத்தைத் தேடிப் பிடித்தார்.

"இஞ்ச பாருங்க மாமா. முன் ரெண்டு இலக்கம் வருஷத்துல எத்தனையாவது கிழமை எண்டு, பின் ரெண்டு வருஷம். இது செய்து எவ்வளவு காலம் பாருங்க. பூசி மினுக்கி வச்சாலும் ரப்பர் செத்துப்போச்சு."

கடைக்காரர் பல்லைக் காட்டிக்கொண்டு, "மருமகன்ட கண்ணுக்குத் தப்பா" என்று அதைத் திருப்பி உருட்டினார். எனக்குப் பெருமையாக இருந்தது, மறைப்பானேன்.

பிறகு ரிம். இருந்ததைவிட ஒரு சுற்றுப் பெரிய, மெல்லிய கம்பிக் கை வைத்த கறுப்பு ரிம்மில் அவருடைய கண் விழுந்தது. அதற்குப் போடுகிற டயர் இடுப்புப் பட்டி போல ஒல்லி. கடைக்காரர் தயங்கினார். "பிரேக்கையும் ஒருக்கா பாத்துட்டு ரிம் எடுங்களன். நாளைக்கிப் பெரிய டிஸ்க் போடுறதெண்டா இந்தக் கம்பிக் கை பிரேக்குல இடிக்கும். முதல்ல பிரேக், மறுகா ரிம், அதுக்குப் பொறகு டயர்."

"பிரேக்குக்கு ஒண்டுமில்ல. நான் ஓட்டிப் பாத்த. சாமான் கொழும்பில இருந்து வரணும், லீவு முடிஞ்சிரும். அடுத்த முறை பாப்பம்."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் ரிம்மைப் பார்த்தேன். "மருமகன் செல்றாரெண்டா கணக்காத்தான் இரிக்கும்" என்று சொல்லிக்கொண்டே அவர் ரிம்மை இறக்கினார். எங்கள் வாயில் 'சொல்' எப்போதும் 'செல்'தான்.

இதை வெளியூர் ஆட்களுக்கு விளக்க வேண்டும். வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையை எங்களில் யாரும் எதிர்த்துக் கதைப்பதில்லை. கோழியின் நல்ல துண்டு அவருக்கு, விசிறிக்குக் கீழே உள்ள கதிரை அவருக்கு, கடைசி வார்த்தையும் அவருக்கு. என் மனைவி இன்றைக்கும் அவரோடு முகத்துக்கு முகம் நின்று கதைத்ததில்லை. கதவுக்குப் பின்னால் நின்று, "மகள், தேத்தண்ணிக்குச் சீனி காணுமா எண்டு கேளு" என்பாள். மகள் பக்கத்தில் இல்லாவிட்டாலும் அப்படித்தான் கேட்பாள். மருமகன் சுவரைப் பார்த்து, "காணும், போதும்" என்பார்.

கராஜில் மெக்கானிக் பழைய சக்கரங்களைக் கழற்றினார். மருமகன் புது ரிம்மைத் துடைத்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து என்னைக் கண்ணால் கூப்பிட்டார். டிஸ்க்கின் ஓரத்தில் துரு வரம்பு கட்டியிருந்தது. பிரேக் எண்ணெய் போகிற ரப்பர்க் குழாயை விரலால் மடித்துக் காட்டினார், சின்னச் சின்னதாய் வாய் பிளந்தது.

"வலப் பக்கம் இறுகிப்போய்க் கிடக்கு, ஹாஜியார். அந்தப் பக்கம் அரைவாசிதான் பிடிக்கும். இதோட மலை இறங்கேலா."

"அப்ப அவர்ட்டச் செல்லுங்களன்."

"நானா? நான் செல்லப்போனா வேலை எடுக்கப் பாக்கான் எண்டு நினைப்பாரு. உங்கட மருமகன், நீங்க செல்லுங்க."

அந்த நேரம் மருமகன் வந்து, "எப்பிடி?" என்று கேட்டார்.

"சோக்கா இரிக்கி" என்றார் மெக்கானிக்.

அன்று பின்னேரம் இதை மனைவியிடம் சொன்னேன். அவள் பயந்துதான் போனாள். ஆனாலும், "நீங்க செல்லாதீங்க, மாப்பிள்ளைட மனசு நோகும். மகள் செல்லட்டும்" என்றாள். மகளைக் கூப்பிட்டுச் சொன்னால், "பிரேக் பாத்தீங்களா எண்டு நான் முதலே கேட்ட வாப்பா. 'உங்கட வீட்டாக்களுக்கு நான் கார் தெரியாதவனா?' எண்டு கேக்காரு. இதுக்கு மேல என்னத்தக் கதைக்க?" என்று சொல்லிவிட்டு உடுப்பு மடிக்கப் போய்விட்டாள். ஒரு வீட்டில் மூன்று பேருக்குத் தெரியும், மூன்று பேரும் மற்றவரின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அடுத்த நாள் மருமகனே வந்தார். "வாங்க மாமா, புது டயர்ல ஒரு சுத்துப் போவம்."

ஏறினேன் என்பதைவிட விழுந்தேன் என்று சொல்லலாம். சம்மாந்துறைப் பக்கம் போனோம். அறுவடைக் காலம், வீதியின் ஒரு பாதியில் படங்கு விரித்து நெல் காயப் போட்டிருந்தார்கள். ஒரு வளைவு தாண்டியதும் முன்னால் உழவு இயந்திரம், பெட்டி நிறைய மூட்டை. மருமகன் பிரேக்கை மிதித்தார். கார் நிற்கப் பார்க்கவில்லை, இடது பக்கம் இழுத்தது. தார் வீதியில் இருக்கும்போதே இழுத்ததை நான் என் தோளில் உணர்ந்தேன். அதற்குப் பிறகுதான் நெல். நெல்லுக்கு மேலே ஏறியதும் சோப்பில் கால் வைத்த மாதிரிச் சறுக்கிப்போய், படங்கின் மறு ஓரத்தில் நின்றது.

நெல்லுக்குரியவர் கையில் நெல் தள்ளுகிற பலகையோடு ஓடி வந்தார். "புது டயர் எண்டா என்ட நெல்லுலதான் அச்சுக் குத்திப் பாக்கணுமா? கண் எங்க இரிக்கி, பின்னாலயா?"

நான் இறங்கி ஸலாம் சொன்னேன். என்னைத் தெரிந்தவர். உள்ளே எட்டிப் பார்த்து, "ஆரு, மருமகனா?" என்றார். குரல் அப்படியே இறங்கிவிட்டது. "சரி சரி, மகன், பயந்திட்டீங்களா? நெல்லுதானே, கூட்டி எடுக்கலாம். தண்ணி குடிக்கிறீங்களா?"

மூன்று பேருமாகக் குனிந்து நெல்லைக் கூட்டினோம். "நெல்லுத்தான் சறுக்கிட்டு" என்றார் மருமகன். "ஓம் ஓம், நெல்லு அப்பிடித்தான்" என்றார் அந்த மனிதர், தன்னுடைய நெல்லின்மேலே பழியைப் போட்டுக்கொண்டு. எங்கள் வீட்டில் நடப்பதும் இதே மரியாதைதான். நாங்கள் எல்லோரும் சேர்ந்து என் மகளை அந்த வளைவுகளுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறோம் என்று அப்போதுதான் உறைத்தது.

அதற்குப் பிறகும் நான் வாய் திறக்கவில்லை. வீடு வரும்வரை திறப்போம் திறப்போம் என்றே வந்தேன். அவர் பாதை முழுக்கத் தன் சிநேகிதரின் வீட்டைப் பற்றிக் கதைத்தார், சிநேகிதரின் உம்மா புதுப் பெண்ணுக்கு என்று பலகாரம் சுடுகிறாவாம்.

போகிற நாள் காலை. ஒழுங்கையில் அயலார் வழியனுப்ப நின்றார்கள். மகள் பையைக் காரில் வைத்துவிட்டுக் கதவைத் திறந்தாள். நான் போய் அந்தக் கதவைச் சாத்தினேன்.

"மகன், இந்தக் கார்ல என்ட மகள ஏத்த மாட்டன். பிரேக் சரியில்ல. மெக்கானிக் எனக்குச் செல்லிட்டாரு. அண்டைக்கி நெல்லு சறுக்கல்ல, கார்தான் இழுத்த."

கதவுக்குப் பின்னால் இருந்து மனைவி, "யா அல்லாஹ்" என்றாள், இந்த முறை மகளிடம் சொல்வதுபோல் அல்ல.

மருமகனின் முகம் சிவந்து பிறகு வெளுத்தது. "அப்ப எல்லாரும் தெரிஞ்சிட்டுத்தான் இருந்த. எனக்குச் செல்ல ஒரு வாய் கிடைக்கல்ல. ஒழுங்கைல வச்சுச் செல்ல வாய் கிடைச்சிரிக்கி." மகளின் பையை எடுத்து மெதுவாகக் கீழே வைத்தார். எறிந்திருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன். தனியே ஏறி நிந்தவூருக்கு, தன் உம்மா வீட்டுக்குப் போய்விட்டார்.

மகள் என்னிடம் கோபமாகக் கூடக் கதைக்கவில்லை. "அண்டைக்கிக் கார்ல நீங்க ரெண்டு பேரும் தனியப் போன நேரம் செல்லியிருக்கலாம் வாப்பா. அவரு கேட்டிருப்பாரு" என்று மட்டும் சொன்னாள். கேட்டிருப்பாரா என்று எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்திருக்கலாம்.

மாப்பிள்ளை உம்மா வீட்டுக்குப் போய்விட்டார் என்றால் எங்கள் ஊரில் அது கடை திறக்க முதல் கடைக்கு வந்துவிடும். சாரன் வாங்க வந்தவர்கள் சாரனை விரித்து வைத்துக்கொண்டு என் முகத்தைத்தான் பார்த்தார்கள். "ரெண்டு பேர் செத்த வீட்டுக்கும் இவ்வளவு கூட்டம் வராது காக்கா" என்றார் மீன் வியாபாரி, என்னைச் சிரிக்க வைக்கப் பார்த்து.

அடுத்த செய்தியைக் கொண்டுவந்தவர் டயர்க் கடைக்காரர். மருமகன் காரை நேரே அதே கராஜுக்குக் கொண்டுபோய், மெக்கானிக்கிடம், "இப்ப உண்மையச் செல்லுங்க" என்று கேட்டாராம். டிஸ்க், பேட், குழாய், எல்லாம் கொழும்பிலிருந்து பஸ்ஸில் வந்ததாம். புது டிஸ்க் பெரிது. கறுப்பு ரிம்மின் கம்பிக் கை பிரேக்கில் இடித்ததாம்.

"திருப்பிக் கொண்டு வந்தாரு ஹாஜியார். இந்த முறை பிரேக்ட அளவு எடுத்துட்டு வந்துதான் ரிம் தெரிஞ்செடுத்த. சும்மா சாதா ரிம். டயரும் கொஞ்சம் தடிச்சது. நல்லாத் தெரிஞ்செடுத்தாரு."

"என்னப் பத்தி ஏதும் கேட்டாரா?"

கடைக்காரர் சாரன் மடிப்பை நீவிவிட்டார். "கடைல ஆக்கள் நிண்ட, ஒண்டும் கதைக்கேலாமப் போச்சு" என்றார்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்கு நான் பள்ளிக்குப் போயிருந்த நேரம் பார்த்து மருமகன் வந்து மகளைக் கூட்டிக்கொண்டு கண்டிக்குப் போயிருந்தார். வீட்டுக்குள் வரவில்லையாம், தேத்தண்ணி குடிக்கவில்லையாம். மனைவி வாசல்வரை வந்து, வாழ்க்கையில் முதல் தடவையாக அவரை நேரே பார்த்து, "பாத்துப் போங்க மகன்" என்றாளாம். அவர் தலையை ஆட்டினாராம்.

திரும்பி வருகிற நாள் நான் கடையில் ஒரு வியாபாரமும் உருப்படியாகச் செய்யவில்லை. பின்னேரம் அசர் தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்த நேரம் மகளின் அழைப்பு வந்தது.

"வாப்பா, வளைவு எல்லாம் இறங்கிட்டம். ஒண்டும் பிரச்சினை இல்ல. பிரேக் நல்லாப் பிடிக்கி."

"அல்ஹம்துலில்லாஹ். அவரு பக்கத்துலயா?"

"ஓம்."

"வாப்பா ஸலாம் செல்றாரு எண்டு செல்லு மகள்."

அவள் சொல்வது கேட்டது. ஒரு லொறி அவர்களைக் கடந்து போகிற சத்தமும் கேட்டது. நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு அவருடைய பதில் ஸலாத்துக்குக் காத்திருந்தேன்.

"அவரு ரோட்டப் பாத்து ஓட்டுறாரு, வாப்பா" என்றாள் மகள்.