லூர்து மேரி சூப்பர்வைசராக இருந்த நாட்கள்

ஞாயிற்றுக்கிழமை காலை என் தங்கை செல்வி போன் செய்தாள். “அண்ணா, நம்ம லூர்து போயிட்டா. நெஞ்சு வலின்னா. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு.” சொல்லிவிட்டு அழுதாள். அந்த அழுகை உண்மையானது. அதனால்தான் இதை எழுதுவது கடினமாக இருக்கிறது.

லூர்து மேரி மைசூரில் எங்கள் தெருவில் பிறந்து, அங்கேயே மணமாகி, அங்கேயே இறந்தவர். மைசூரிலேயே ஹெப்பாள் பகுதியில் ஒரு பெரிய கம்பெனி வளாகத்தில் துப்புரவு வேலை. செல்வி உட்பட தெருப் பெண்கள் பலருக்கும் அங்கேதான் வேலை. காலையில் ஒப்பந்தக்காரரின் வேன் வந்து ஏற்றிச் செல்லும். மதியம் மாடிப்படிக்கு அடியில் வட்டமாக உட்கார்ந்து, எல்லா டப்பாக்களையும் நடுவில் திறந்து வைத்துச் சாப்பிடுவார்கள்.

ஒருநாள் லூர்துவைச் சூப்பர்வைசராக்கினார்கள். இனி மகளை நர்சிங் படிக்க வைத்துவிடலாம் என்று அவர் நம்பினார். பதவிக்கு வந்ததும், மேலதிகாரியை விடாமல் கேட்டு, பெண்கள் சாப்பிட மின்விசிறியுள்ள ஓர் அறையை வாங்கிக் கொடுத்தார். அந்த அறைக்குள் முதல் நாள் தன் டப்பாவோடு அவர் வந்தபோது யாரும் நகர்ந்து இடம் விடவில்லை.

“மேடம் சாப்பாடு நமக்கு ஒத்துக்காதுப்பா” என்றாள் ஒருத்தி.

“சித்ரான்னம்தான்டி. நேத்து வரைக்கும் அள்ளி அள்ளித் தின்னியே.”

“நேத்து நீ லூர்து. இன்னிக்கு கையில வாக்கிடாக்கி இருக்குதில்ல.”

செல்வி இதை வீட்டில் நடித்துக் காட்டினாள். நாங்கள் சிரித்தோம்.

தெருவிலும் அது தொடர்ந்தது. குழாயடியில் வழி விட்டு, “மேடம் மொதல்ல புடிங்க” என்றார்கள். அவர் மகள் கடந்து போனால் ‘சின்ன மேடம்’. யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. பத்திரிகையில் எழுதும் நான் செய்தியாளனாகப் போய் விசாரித்திருந்தால் ஒரு புகார்கூடக் கிடைத்திருக்காது. வளாகத்தில் அவர் சொன்ன இடங்களைத் துடைக்காமல் விட்டு, அவருக்கு மேலிடத்தில் திட்டு வாங்கித் தந்தார்கள். சில மாதங்களில் அவரே கேட்டுப் பழைய வேலைக்குத் திரும்பினார். அன்று மதியம் அவருடைய டப்பா மூடியில் ஆளாளுக்கு அள்ளி வைத்தார்களாம்.

அவருக்குப் பதில் சூப்பர்வைசராக வெளியூரிலிருந்து ஒரு பெண் வந்தார். முதல் நாளே நாற்காலியைத் துடைத்துப் போட்டு, ‘மேடம்’ என்றார்கள், கேலியில்லாமல்.

லூர்துவிடம் ஒருமுறை இதைக் கேட்டேன். “சும்னே, சும்மா விடுங்கண்ணா. வெளியாளு ஏறினா நமக்கு ஒண்ணும் ஆகல. நம்மாளு ஏறினா, நாம ஏறலையேன்னு தெரிஞ்சு போகுது” என்றார். அவர் மகள் இப்போது அதே வேனில் அதே வேலைக்குப் போகிறாள்.

நம்மை மேலே வர விடாதவர்களைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறேன். அதில் எதுவும் பொய்யில்லை. ஆனால் என் வீட்டுக் கூடத்தில் கேட்ட இந்தச் சிரிப்பைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை.

கல்லறைத் தோட்டத்தில் எல்லாரும் அவரைப் புகழ்ந்தார்கள். “தலைக்கனமே இல்லாத பொம்பளை. கடைசி வரைக்கும் நம்மளோடவே இருந்தா.” செல்வி லூர்துவின் மகளுடைய கையைப் பிடித்துக்கொண்டு, “நீயும் அம்மா மாதிரியே இருக்கணும்” என்றாள். அந்தப் பெண்ணின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

அந்தப் புகழ்ச்சி எனக்கு வேண்டாம். பதவி கிடைத்த மறுநாள் காலையில் பார்த்த லூர்து போதும். சூப்பர்வைசருக்கு வேனில் ஓட்டுநர் பக்கத்து இடம். தெருமுனையில் பால் வாங்கிக்கொண்டு நின்ற என்னைப் பார்த்ததும் கண்ணாடியை இறக்கிச் சொன்னார்: “அண்ணா, முன்னாடி உக்காந்தா ரோடு முழுசாத் தெரியுது.”