வரேன் என்று சொல்லாதவர்கள்

எங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போகிறவர்கள் யாரும் ‘போயிட்டு வரேன்’ என்று சொல்லமாட்டார்கள். சாவு வீட்டில் சொல்லக் கூடாது, ஆஸ்பத்திரியில் சொல்லக் கூடாது. சிதம்பரத்தில் இது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். விடைபெறாமல், திரும்பிப் பார்க்காமல் ஆட்டோவில் ஏறிவிடுவார்கள். வாசலில் மருந்துக் கவுன்ட்டரில் உட்கார்ந்து இதைத்தான் நான் காலங்காலமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. மாத்திரை விற்கிறவனிடம் யார் விடைபெறப் போகிறார்கள்?

மாடி வார்டு நர்ஸ் ஜோதி மேரி சிஸ்டருக்கு வருத்தம் இருந்தது. நாற்பதைத் தாண்டியவர், கடலூர்க்காரர். கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் முதலில் நைட் டூட்டி உண்டா என்று கேட்டார்களாம், பிறகு காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்களாம். கஞ்சித்தொட்டி முனைக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறையில் தனியாக இருக்கிறார். பொங்கலா, தீபாவளியா, ‘பிள்ளை குட்டிக்காரங்க போவட்டும்’ என்று இவர் தலையில்தான் டூட்டி விழும். சரி, கிறிஸ்துமஸுக்காவது விடுவார்களா என்றால், அன்றைக்கும் யாராவது ஒருத்திக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்துவிடும். எனக்கு வருகிற கோபம்கூட அவருக்கு வராது.

போன வருஷம் அவருடைய தம்பி டேவிட் ராஜ் கூப்பிட்டான். மஞ்சக்குப்பத்தில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருக்கிறான். கல்லாவில் உட்கார வீட்டு மனுஷர் ஒருவர் வேண்டும்.

“என்னாண்ணே பண்றது?” என்று என்னிடம் கேட்டார். “இந்த வேலய உட்டா திரும்ப இந்த சீனியாரிட்டி கெடைக்காது. உடலன்னா இப்புடியே அந்த ரூம்லயே கெடந்து போய்ச் சேர்ந்துடுவேன். யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது.”

“தம்பி ஊட்டுக்குப் போங்க சிஸ்டர். நாலு மனுஷங்க மொகத்தப் பாக்கலாம்” என்றேன்.

“இங்கயும் மனுஷங்கதான வராங்க.”

“வராங்க. இருக்கறாங்களா?”

அப்போது மேலே வார்டில் பொன்னம்பலம் இருந்தார். புவனகிரிப் பக்கத்து விவசாயி, சர்க்கரை நோயில் கால் புண்ணாகி வந்தவர். மற்றவர்கள் எல்லாம் ‘சிஸ்டர், சிஸ்டர்’ என்று கூப்பிட, அவர் மட்டும் ‘மேரிம்மா’ என்பார். கட்டு மாற்றும்போது வலியை மறக்க வயல் கதை, மாமியார் கதை எல்லாம் சொல்வார். அவர் மனைவி ராஜாம்பாள் வீட்டிலிருந்து கொண்டுவரும் கருவாட்டுக் குழம்பில் சிஸ்டருக்கும் ஒரு கிண்ணம் வரும். அந்த நாட்களில் சிஸ்டர் சத்தமாகச் சிரித்ததைக் கீழே இருந்து நானே கேட்டிருக்கிறேன். தம்பிக்குப் பதில் சொல்வதைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தார்.

புண் ஆறியது. பொன்னம்பலம் கிளம்பிய அன்று, கையுறை வாங்குகிற சாக்கில் சிஸ்டர் என் கவுன்ட்டருக்கு இறங்கி வந்து நின்றார். கையுறை மேலேயே நிறைய இருந்தது, எனக்குத் தெரியும். ஆட்டோவில் ஏறுகிறவரைப் பார்த்து, கிளம்புகிற எல்லாரிடமும் சொல்வதை அவரிடமும் சொன்னார்: “இனிமே இந்தப் பக்கம் வரவே கூடாது. நல்லாருங்க.”

பொன்னம்பலம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ராஜாம்பாள் அவர் கையைப் பிடித்து அழுத்தினாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஆட்டோ போய்விட்டது. அந்த அம்மாள் செய்தது தப்பே இல்லை, என் வீட்டுக்காரியும் அதைத்தான் செய்வாள். ஆனாலும் சிஸ்டரின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

அந்த வாரமே நீண்ட லீவு போட்டுவிட்டுக் கடலூருக்குப் போனார். ஒத்துவந்தால் அங்கேயே இருந்துவிடுவது என்று திட்டம். ஒத்துவந்துவிடும் என்றுதான் நானும் நினைத்தேன்.

மாதம் முடிவதற்குள் ஒரு நாள் காலையில் வெள்ளைக் கோட்டோடு படியேறி வந்தார். நானாகக் கேட்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் அவரே வந்து சொன்னார்.

“பொண்ணுக்கு வளைகாப்புன்னு ஒரு அம்மா கடைக்கு வந்துச்சுண்ணே. கூடை கூடையா வளையல் எடுத்துச்சு. பையத் தூக்கிக்கினு சிரிச்ச மொகமா, ‘போயிட்டு வரேம்மா’ன்னுச்சு.”

“சரி.”

“நான், ‘இனிமே இந்தப் பக்கம் வரவே கூடாது, நல்லாருங்க’ன்னுட்டேன்.”

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவரும் சிரித்தார். அந்த அம்மாள் பையைக் கல்லாமேல் வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டாளாம்.

“தம்பி சத்தம் போட்டானா?”

“போட்டிருந்தா பரவால்லண்ணே. ‘ஒனக்கு வேற ஒண்ணுமே தெரியாமப் போச்சேக்கா’ன்னு என் கையப் புடிச்சிக்கினு அழுதுட்டான்.” சிரிப்பு நின்றுவிட்டது. “அங்க வரவங்கல்லாம் வரேன் வரேன்னுதான் சொல்றாங்க. எனக்குத்தான் பதில் சொல்ல வரல. இங்கன்னா யாருக்கு என்னா சொல்றதுன்னாவது தெரியும்.”

நர்ஸ் வேலை நல்ல வேலையா, கெட்ட வேலையா என்று யாராவது என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்லத் தோன்றுகிறது. சொன்னால் அந்தப் படிப்பில் எவரும் பிள்ளையைச் சேர்க்கமாட்டார்கள், அதனால் சொல்வதில்லை.

அன்று சாயங்காலம் கவுன்ட்டரைப் பூட்டிவிட்டுக் கிளம்பினேன். சிஸ்டர் மாடிப்படியோரம் நின்றிருந்தார். “வரேன் சிஸ்டர்” என்றேன். எப்போதும் சொல்வதுதான், எப்போதும் அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார்.

அன்றைக்கு நின்று என்னைப் பார்த்தார். “வாங்க” என்றார்.

நான் வாசலைத் தாண்டிய பிறகு பின்னாலிருந்து குரல் வந்தது. “நாளைக்கு வருவீங்கல்லண்ணே?”

“வருவேன் சிஸ்டர்” என்றேன்.

மறுநாள் எனக்கு வார விடுமுறை. போனேன்.