மூன்று வாரமாகத் துடித்த புழுக்கள்: அகரத்துத் தொட்டியைப் பார்க்கப் போன கதை

வழக்கமாக இங்கே கோட்டை, அருவி, பிரியாணிக் கடை என்று எழுதுவேன். போன சனிக்கிழமை நான் போனது ஒரு தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க. திண்டுக்கல்லுக்கு வடக்கே, தாடிக்கொம்பை அடுத்த அகரத்தில் இருக்கிறது அந்தத் தொட்டி. எழுத்தில் கோர்வை குறைந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் திருச்சியில் ஒரு கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்துபவள். கொசுப்புழுவைக் கொல்லும் பாக்டீரியா நஞ்சின் அமைப்பைப் பற்றி ஆடி மாதம் இங்கே ஒரு பதிவு போட்டிருந்தேன். அதைப் படித்த பெரியசாமி என்ற விவசாயி அழைத்தார். "நீங்க எழுதுனபடியே வாங்கித் தொட்டில ஊத்திட்டேன் டீச்சர். எம் மக தலைப்பிரசவத்துக்கு வாரா. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க." பெருமை தாங்கவில்லை. எட்டு வருடமாகக் கணினித் திரையில் அந்தப் புரதத்தைச் சுழற்றிச் சுழற்றிப் பார்த்தவள் நான். அது ஒரு புழுவைக் கொன்றதை ஒருமுறைகூடக் கண்ணால் கண்டதில்லை. மாணவர்களுக்குக் காட்ட வைத்திருக்கும் அதன் பிளாஸ்டிக் மாதிரியையும் பையில் போட்டுக்கொண்டேன்.

காலை 6.40க்குத் திருச்சியில் ரயில். 8.25க்குத் திண்டுக்கல். நிலையத்துக்கு வெளியே இரண்டு இட்லி, ஒரு வடை, காபி எல்லாம் சேர்த்து 55 ரூபாய். சாம்பார் சுமார்தான், சட்னி பிரமாதம். பேருந்து நிலையத்திலிருந்து தாடிக்கொம்புக்கு எட்டு கிலோமீட்டர். நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அங்கிருந்து ஆட்டோ எண்பது ரூபாய் ஆனது. யார் வீட்டுக்கு என்று ஓட்டுநர் கேட்டார். சொன்னேன்.

"கொசு மருந்து டீச்சரா நீங்க? எங்க வீட்டுத் தொட்டிலயும் அவருதான் ஊத்துனாரு" என்றார். அப்போது எனக்குச் சந்தோஷம்தான்.

பெரியசாமிக்குத் தக்காளியும் மல்லிகையும்தான் விவசாயம். மனைவி முத்துலட்சுமி வாசலிலேயே விஷயத்தைச் சொல்லிவிட்டார். போன மாதம் தெருவில் இரண்டு பேருக்கு டெங்கு. அதைக் கேள்விப்பட்ட குஜிலியம்பாறைச் சம்பந்தி வீட்டார், வளைகாப்பு முடிந்தாலும் மகள் கவிதாவை அனுப்ப மாட்டோம் என்று நின்றிருக்கிறார்கள். "இவரு போன்லயே மல்லுக்கட்டி, எங்க தெருவுல இனிக் கொசுவே வராதுன்னு வாக்குக் குடுத்து சம்மதிக்க வச்சிருக்காரு. நாளைக்கு வளைகாப்பு. சாயங்காலமே கூட்டியாந்துருவோம்."

கொல்லைப்புறத்தில் சிமெண்டுத் தொட்டி. பத்து நாளுக்கு ஒரு முறைதான் குழாயில் தண்ணீர் வரும் என்பதால், வந்த அன்றே கழுத்து வரை நிரப்பிவிடுகிறார்கள். பெரியசாமி மேலே கிடந்த சாக்கை விலக்கினார்.

தொட்டி முழுக்கப் புழு. நூற்றுக்கணக்கில். தலைகீழாகத் தொங்கி மூச்சு வாங்கிவிட்டு, நெளிந்து நெளிந்து அடிக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தன.

"பாத்தீங்களா, எப்பிடித் துடிக்குதுன்னு?" என்றார் அவர், முகமெல்லாம் சிரிப்பாக. "மூணு வாரமா இப்பிடித்தான் துடிச்சுத் துடிச்சுச் சாகுது."

அது சாவுத் துடிப்பு இல்லை. கொழுத்த, ஆரோக்கியமான கொசுப்புழு நீந்துவதே அப்படித்தான். என்ன ஊற்றினீர்கள் என்று கேட்டேன். தோட்டத்துக் கொட்டகையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து வந்தார். தக்காளியில் காய்ப்புழுவுக்கு அடிக்கும் உயிரி மருந்து. பெயரில் முதல் இரண்டு சொற்கள் நான் எழுதிய பாக்டீரியாவேதான். மூன்றாவது சொல் வேறு ரகத்தைச் சொன்னது. என் பதிவில் அந்த மூன்றாவது சொல்லே கிடையாது. வாசகர்களுக்கு வாயில் நுழையாதே என்று நானே எடுத்துவிட்டேன்.

அங்கேயே துவைக்கல்லில் உட்கார்ந்துவிட்டேன். மாதிரியை எடுத்து விளக்கினேன். இந்த பாக்டீரியா உறங்கும் வித்தாக மாறும்போது உள்ளே ஒரு படிகத்தைக் கட்டுகிறது. புழு அதைத் தின்ன வேண்டும். குடலின் காரத்தில் படிகம் கரையும். குடல் நொதிகளே அதை நறுக்கி நஞ்சாக்கும். இந்தப் புரதத்துக்கு மூன்று பாகம். முதல் பாகம் சுருள் கம்பிகளின் கட்டு; குடல் செல்லில் துளை போடுவது அதுதான். மூன்றாவது, கட்டுக்கோப்பைக் காத்துத் துணை நிற்பது. நடுப்பாகத்தின் நுனியில் சின்னச் சின்ன வளைவுகள் இருக்கின்றன. குடல் செல்லின் மேல் நஞ்சு வந்து பற்றும் இடமான ஏற்பியைப் பிடிப்பதில் பெரும் பங்கு அவற்றுக்கு. அந்த வளைவு ரகத்துக்கு ரகம் மாறும். காய்ப்புழுவின் குடலில் கச்சிதமாகப் பிடிப்பது, கொசுப்புழுவின் குடலில் நம்பும்படிப் பிடிக்காது.

பெரியசாமி மாதிரியைக் கையில் வாங்கி, அந்த நுனியைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"அப்ப பதினாலாம் நம்பர் நட்டுக்குப் பத்தொம்பதாம் நம்பர் ஸ்பானரப் போட்டுத் திருகியிருக்கேன்."

"தப்பு என்னோடது. நான் முழுப் பெயரையும் எழுதியிருக்கணும்" என்றேன்.

அவர் மாதிரியை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "தெருவுல பதினாலு வீட்டுக்கு நாந்தான ஊத்துனேன்" என்றார் முத்துலட்சுமியைப் பார்த்து.

அதன் பிறகு யாரும் சாப்பிடவில்லை. சரியான ரகம் கையில் இல்லை. இருந்திருந்தாலும் அன்றைக்குப் பாதிதான் உதவியிருக்கும். தொட்டியில் கால்புள்ளி மாதிரி வளைந்த கூட்டுப்புழுக்களும் இருந்தன. அவை எதையும் தின்பதில்லை, அதனால் நஞ்சு உள்ளே போக வழியில்லை. இரண்டொரு நாளில் கொசுவாகிப் பறந்துவிடும். எனவே பதினாலு வீட்டுக் கதவையும் தட்டினோம். ஒரு வீட்டில் திட்டு வாங்கினோம். அதில் பாதி எனக்குச் சேர வேண்டியது. அடுத்த தண்ணீர் புதன்கிழமைதான் என்று தெரிந்தும் தொட்டிகளைத் திறந்துவிட்டு, சுவரைத் தேங்காய் நாரால் தேய்த்தார்கள். மல்லிகைப் பாத்திக்குள் ஓடிய தண்ணீரைப் பார்க்க வயிறெரிந்தது.

மூன்றரை மணிக்குப் பெரியசாமி சம்பந்திக்குப் போன் போட்டார். நான் பேசுகிறேன் என்று கை நீட்டினேன், தரவில்லை. "வாக்குக் குடுத்தது நானு டீச்சர்." சம்பந்தியிடம் எதையும் மறைக்கவில்லை. தப்பான மருந்தை ஊற்றிவிட்டேன், பறந்த கொசு தெருவில் இருக்கும், மகளை இப்போது அனுப்ப வேண்டாம் என்றார். அப்புறம் கவிதா பேசினாள் போலிருக்கிறது. "இல்லம்மா... அழுவாத தாயி... ஒரு மாசந்தான்" என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துப் பக்கம் நடந்துவிட்டார்.

அகரம் பக்கம் போகிறவர்களுக்கு: கடைசி நகரப் பேருந்தை நம்பாதீர்கள், தாடிக்கொம்பில் ஆறு மணிக்குள் நில்லுங்கள். எங்கே இருப்பவர்களானாலும்: தொட்டியை வாரம் ஒரு முறை வடித்துத் தேய்த்துக் காயவிடுங்கள். இடைவெளி இல்லாமல் துணியால் மூடுங்கள். மருந்து வாங்கினால் லேபிளில், நான் எழுதாமல் விட்ட மூன்றாவது சொல்லான இஸ்ரேலென்சிஸும், கொசுப்புழுவுக்கானது என்ற குறிப்பும் இருக்கிறதா பாருங்கள். அளவைச் சுகாதாரப் பணியாளரிடம் கேளுங்கள். ஊற்றிய மறுநாளும் புழு நெளிந்தால் அது சாகவில்லை, வாழ்கிறது. என் பழைய பதிவைத் திருத்திவிட்டேன். அதை யாருக்காவது அனுப்பியிருந்தால், தயவுசெய்து இதையும் அவர்களுக்கே அனுப்புங்கள்.

ஞாயிறு இரவு முத்துலட்சுமி பேசினார். வளைகாப்பு குறைவில்லாமல் நடந்ததாம். ஏழு வகைச் சாதம் கட்டிக்கொண்டு வேனில் போயிருக்கிறார்கள். மகளுக்கு இரண்டு கையிலும் வளையல் அடுக்கி, சந்தனம் பூசி, மாமியார் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். வேனில் அவளுக்கென்று சன்னலோரம் தலையணை போட்டு வைத்திருந்த இடத்தில், வரும்போது யாரும் உட்காரவில்லை என்றார்.