தங்கப்பிள்ளை அக்காவைத் தள்ளிய பேய்

தங்கப்பிள்ளை அக்கா போய்விட்டார் என்று கொக்கட்டிச்சோலையிலிருந்து நெல் ஏற்றி வந்த வண்டில்காரர் வாசலில் நின்றபடியே சொன்னார். மண்ணெண்ணெய்க்கும் கூப்பன் நீட்டும் இந்த யுத்தகாலத்தில் செய்திகூட மெல்லத்தான் வருகிறது. அடக்கம் அன்று பின்னேரம் என்றதால், போட்டது போட்டபடி அதே வண்டிலில் ஏறினேன்.

பழுகாமத்தில் எங்கள் வீட்டுச் சமையலும் துப்புரவும் வேலைக்கு வந்த அக்காவின் கையில்தான் இருந்தன. அவருடைய வாயை அறிந்தவர்கள் இப்போதும் சிரிப்பீர்கள். கறியில் உப்புக் கூடிவிட்டது என்றால், "உப்பில்லாட்டித்தான் குப்பை, கூடினாக் கறிதான் கா" என்று, ஊர் வழக்கப்படி என்னைக் "கா" போட்டே சொல்வார்.

ஊரில் சீமெந்துத் தரை போட்ட முதல் வீடு எங்களுடையது. முகம் தெரிய வேண்டுமென்று, பால் பிழிந்த தேங்காய்ப்பூவால் தினமும் அதைத் தேய்க்கச் சொன்னவள் நான். "இது நடக்கிற தரையா கா, முகம் பாக்கிற கண்ணாடியா?" என்று கேட்டுக்கொண்டே தேய்ப்பார். ஒருநாள் கஞ்சிப் பானையோடு வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு விலகிக் கால் கோணிப்போயிற்று.

"பேய் தள்ளிட்டுது" என்றார் மாமியார். எனக்கும் அது வசதியாக இருந்தது. பேயோட்ட வந்த மந்திரவாதியும் வேப்பிலையும் கையுமாக அதே இடத்தில் சறுக்கி உட்கார்ந்தார். பொல்லாத பேய் என்று முடிவு செய்தோம். ஆனால் மறுநாளிலிருந்து தரைக்குத் தேங்காய்ப்பூ போடுவதைச் சத்தமில்லாமல் நிறுத்திவிட்டேன்.

பேய்க்கதை எங்கள் வளவு வேலிக்குள் நிற்கவில்லை. வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக்கு நெல் குற்றும் பெண்களில் அக்காவும் ஒருவர். உலக்கை பிடிக்க முடியாவிட்டாலும் இருந்தபடி புடைக்கலாம் என்று தலைமுழுகி வந்தார். "பேய் தொட்ட உடம்பு, அம்மாள்ர நெல்லில படக்கூடாது" என்று பெண்கள் மறித்தார்கள். அக்கா, அங்கே நின்ற என்னைப் பார்த்தார். தரை வழுக்கித்தான் விழுந்தார் என்று நான் சொல்லியிருந்தால் போதும். சொன்னால், வேலைக்கு வந்தவரை என் ஆடம்பரம் முடமாக்கியது என்றாகிவிடும். சேலைத் தலைப்பைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன்.

"சரி கா, அம்மாளுக்குத் தெரியும்" என்று கம்பை ஊன்றித் திரும்பினார். சில நாளில் கொக்கட்டிச்சோலையில் தங்கை வீட்டுக்கே போய்விட்டார். அதன்பிறகு எந்தச் சடங்குக்கும் அவரை ஒருவரும் அழைக்கவில்லை.

மரண வீட்டில் ஒருத்தி, "பேய் அடிச்ச மனிசி, பாவம்" என்றாள்.

"இல்ல. எங்கட தரை வழுக்கினது. தேய்க்கச் சொன்னது நான்" என்றேன்.

அக்காவின் தங்கை அழுகையை நிறுத்தி என்னை ஏறிட்டாள். "இத அக்கா உசிரோட இருக்கக்குள்ள சொல்லியிருக்கலாமே கா."

அக்காவை அறிந்தவர்களே, அவர் நினைவாக என்னிடம் இருப்பது நான் விழுங்கிய அந்த வார்த்தை ஒன்றுதான். வருகிற வைகாசியில் நெல் குற்றும் பெண்கள் நடுவில் நின்று அதைச் சொல்வேன். கேட்பதற்கு அவர் இருக்க மாட்டார்.