ஸ்டே கம்பிக்குப் பாய்ந்த தண்ணீர்

ஒலிபரப்புக் கோபுரங்கள் நிறுவும் ஒரு கம்பெனிக்கு வரலாறு எழுத ஒப்புக்கொண்டு, நன்னிலம் பக்கம் இருக்கும் அவர்களுடைய முதல் கோபுரத்தைப் பார்க்கப் போயிருந்தேன். சித்திரை வெயிலில் வயல்களெல்லாம் வெடித்துக் கிடந்தன. ஒரு வயலின் மூலையில் மட்டும், பயிரே இல்லாத இடத்தில், தண்ணீர் நின்றது. கோபுரத்தை இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பி அங்கேதான் மண்ணில் இறங்கியிருந்தது.

வயல்காரர் ஒடிசலான ஆள். காதில் பீடி செருகியிருந்தார். பம்புசெட்டுத் தண்ணீரை மண்வெட்டியால் கம்பியின் அடிக்கே திருப்பிவிட்டுக்கொண்டிருந்தார்.

“பயிர் இல்லாத இடத்துக்கு எதுக்குங்க தண்ணி?” என்றேன்.

“இரும்புக்குத்தாங்க. ஈரத்துலயே கெடந்தாத்தானே துருப்பிடிக்கும்? கோபுரத்துக்கு எடம் கொடுத்தவன் நான். கம்பெனிக்காரனுங்க கம்பி நட வந்தப்ப, நாளைக்கு அறுப்பு, ஒரு நாள் பொறுங்கன்னு கால்ல விழாத குறையாக் கேட்டேன். முத்தின கதிர் மேலயே லாரிய ஓட்டினானுங்க. அன்னையிலேருந்து இந்த மூலையக் காயவிட்டதில்ல.”

“கம்பி அறுந்தா கோபுரமே சாஞ்சுடுமேங்க?”

அவர் மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்தார். “தளர்ந்தாப் போதுங்க. வேற கம்பி நட என் வரப்புலதானே வந்து நிக்கணும்? அறுப்பு முடியட்டும், பொறுங்கடான்னு சொல்லணும். அதுக்குத்தான் உசிரோட இருக்கேன்.”

வரலாற்றில் அவரைச் சேர்க்கக் கம்பெனி சம்மதிக்கவில்லை. இப்போதெல்லாம் பஸ்ஸில் எஃப்.எம். பாட்டு கரகரத்தால் மற்றவர்கள் முகம் சுளிக்கிறார்கள். நான் மட்டும், அவர் வரப்புக்கு ஆள் வந்துவிட்டதா என்று ஆசையோடு காதைத் தீட்டிக்கொள்கிறேன்.