செண்பகனூரில் போட்ட கோணல் கோடுகள்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறேகாலுக்கு மதுரையில் ரயில் ஏறினேன். வலக்கையைச் சால்வைக்குள் மறைத்து வைத்திருந்தேன். தை மாதம்தான், ஆனாலும் மதுரையில் சால்வை போர்த்துகிற அளவுக்கு என்றைக்குக் குளிர்ந்திருக்கிறது? டிக்கெட் பரிசோதகர் வந்தால் இடக்கையால் நீட்டுவது என்று முன்கூட்டியே தீர்மானித்திருந்தேன். அவர் வரவே இல்லை.

நான் நில அளவைப் படங்கள் வரைகிற டிராப்ட்ஸ்மேன். பதினோரு வருஷ சர்வீஸ். தலைமுடி கனத்தில் கோடு இழுத்து, அதன் பக்கத்திலேயே இன்னொன்றை ஒட்டாமல் இழுப்பதுதான் என் பிழைப்பு. போன தீபாவளிக்குப் பிறகு, மை தொட்ட பேனாவைத் தாளில் வைத்ததும் கை நடுங்க ஆரம்பித்தது. தாள் சரியில்லை என்று முதலில் நினைத்தேன். பிறகு பேனாவை மாற்றினேன், பிறகு நாற்காலியை. மேலதிகாரி நல்ல மனிதர். "பதினைந்து நாள் லீவு எடுத்துக்கொள். வந்ததும் ஒரு ஷீட் வரைந்து காட்டு. முடியாவிட்டால் ரெக்கார்டு ரூமில் உட்காரலாம், சம்பளத்துக்குக் குறைவில்லை" என்றார்.

ரெக்கார்டு ரூம்கூட எனக்குப் பெரிய பயமாக இல்லை. எங்கள் அப்பாவுக்குக் கடைசி நான்கு வருஷமும் கை நடுங்கியது. சோற்றை எடுத்து வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதி மடியில் விழும். எனக்கு இப்போது வயது முப்பத்திரண்டு. இரவு முழுக்க விழித்திருந்து அதையே நினைத்துக்கொண்டிருப்பேன். யாரிடமும் சொல்லவில்லை. செண்பகனூரில் இருக்கும் கமலம் அக்காவுக்கு, "ஓய்வுக்கு வருகிறேன்" என்று மட்டும் ஒரு கார்டு போட்டிருந்தேன். அந்தக் கார்டின் எழுத்தே என்னைக் காட்டிக்கொடுத்திருக்கும் என்பது எனக்குத் தோன்றவில்லை.

கோடைக்கானல் ரோடு ஸ்டேஷனில் இறங்கியபோது பழனிக்கு நடந்துபோகும் காவடிக் கூட்டம் ஒன்று குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தது. அங்கிருந்து மலைக்கு ஐம்பது மைல். பஸ் கட்டணம் இரண்டே முக்கால் ரூபாய். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வத்தலக்குண்டில் காப்பிக்கு நிறுத்தினார்கள். நான் இறங்கவில்லை. டம்ளரைப் பிடித்துக் குடிக்க வேண்டுமே!

காட்ரோடு தாண்டி ஏற்றம் தொடங்கியதும் எனக்குக் குமட்டியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் பையிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து நீட்டினார். மடியில் துணி மூட்டை வைத்திருந்தார்.

"பள்ளத்தப் பாக்காதீங்க தம்பி, தலை சுத்தும். எதிர்ல வர்ற வளைவப் பாருங்க. மலைக்குப் புதுசோ?"

"அக்கா செண்பகனூர்ல இருக்காங்க. பள்ளிக்கூடத் தையல்கூடத்துல வேலை."

"கமலத்தம்மாவா! நல்லாயிருக்கே. எம் மக வீட்டுக்கு அவங்கதான் பஞ்சு வெச்ச குயில்ட் போர்வை தைக்கிறாங்க. நம்ம கடைத் துண்டுத் துணியெல்லாம் அங்கதான் கெடக்கு."

அவர் பெயர் செய்யது ராவுத்தர், கோடைக்கானல் பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். மகளுக்குப் பிரசவமாகி முப்பது நாள். நாற்பதாம் நாள் தாயையும் பிள்ளையையும் அட்டுவம்பட்டியில் உள்ள மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். "அந்தப் பக்கம் காத்து ஊசி மாதிரி குத்தும். அதான் அதுக்குள்ள முடிச்சுக் குடுங்கன்னு கேட்டிருக்கேன்" என்றார்.

பெருமாள்மலை கடந்து, வெள்ளி அருவியருகே எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்ற நிறுத்தி, பிற்பகல் ஒரு மணிக்குச் செண்பகனூர் சேர்ந்தோம்.

அக்காவுக்கு நாற்பத்தொரு வயது. அத்தான் காலமான பிறகு இந்த மலைக்கு வந்து, வெள்ளைக்காரக் குழந்தைகள் படிக்கும் ஒரு விடுதிப் பள்ளியில் தையல் வேலைக்குச் சேர்ந்தவர். மலைப் பள்ளிகளுக்குக் குளிர்காலத்தில்தான் நீண்ட விடுமுறை. ஆகவே வீட்டில் உட்கார்ந்து வெளியார் துணியைத் தைத்துக்கொண்டிருந்தார். ரோட்டோரக் கடைகளுக்கு மேலே இரண்டு அறை. ஓர் அறை முழுக்க அந்தக் குயில்ட் விரிந்து கிடந்தது.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். மேலே பல நிறத் துண்டுத் துணிகளை ஒட்டுப்போட்ட ஒரு விரிப்பு, கீழே கெட்டித் துணி, நடுவே பஞ்சு. மூன்றும் சேர்ந்து நிற்பதற்காக மேலிருந்து கீழ்வரை ஊடுருவி ஓட்டுத் தையல் போடுகிறார்கள். அந்தத் தையல் ஓடுவதற்குச் சுண்ணக்கட்டியால் முதலில் கோடு வரைய வேண்டும்.

திங்கட்கிழமை காலையில் அக்கா அந்தக் கட்டியை என் முன்னால் வைத்தார்.

"எப்பவும் கோடு போட்டுத் தர்ற டீச்சர் லீவுக்கு ஊருக்குப் போயிட்டாங்க. நீதான் படம் போடுறவனாச்சே. வெரசாப் போட்டுக் குடு. கோடு இல்லாமத் தைச்சா உள்ள பஞ்சு ஒரு பக்கமா ஒதுங்கி, முண்டும் முடிச்சுமாக் கெடக்கும்."

மறுக்க வழியில்லை. தைக்க உதவிக்கு வரும் பக்கத்து வீட்டுச் சகாயமேரியும் ஊசியோடு தயாராக உட்கார்ந்திருந்தாள். முழங்காலிட்டு உட்கார்ந்து, மூலையிலிருந்து ஒரு கோடு இழுத்தேன். அடுத்த கோடு. மூன்றாவது. மையில் விழுந்து எழுந்த எறும்பு நடந்ததுபோல இருந்தது ஒவ்வொன்றும்.

"என்னக்கா, தம்பி தண்ணி அலை மாதிரி போட்டிருக்காங்க?" என்றாள் சகாயமேரி. அவள் கேலி செய்யவில்லை. அவளுக்கு அது அப்படித்தான் தெரிந்தது.

"கட்டி சரியில்லை" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

கோடைக்கானல் ஏரிக்கு மூன்று மைல், எல்லாம் ஏற்றம். டவுன் பஸ் வந்தும் நான் ஏறவில்லை. சீசன் இல்லாததால் ஏரியில் ஒரே ஒரு படகு. நிழல் விழுந்த கரைப் புல்லில் பத்து மணிக்கும் உறைபனி உப்புப்போலப் படிந்திருந்தது. ஒரு கல்லில் உட்கார்ந்தேன். பழக்க தோஷம், சட்டைப்பையில் குறிப்பு நோட்டும் பென்சிலும் இருந்தன.

படகு போன வழியில் ஓர் அலை கிளம்பி, அதன் பின்னால் இன்னொன்று, அதன் பின்னால் இன்னொன்று என்று கரைக்கு வந்துகொண்டிருந்தன. முன்னால் போகும் அலை எங்கே நெளிகிறதோ அங்கே பின்னால் வருவதும் நெளிந்தது. நோட்டில் ஒரு கோடு போட்டேன், வேண்டுமென்றே கோணலாக. அதன் பக்கத்தில் அதைப் பார்த்து இன்னொன்று. இது எந்த ஊர்ப் படமும் இல்லை. இதில் அளவு இல்லை, தப்பும் இல்லை. மூச்சு விடும்போது ஒரு கோடு, இழுக்கும்போது நிறுத்தம். பக்கம் நிறைந்து பென்சில் ஓரத்தில் தட்டியபோதுதான் கவனித்தேன். கை நடுங்கவில்லை.

நம்பாமல், அடுத்த பக்கத்தில் அலுவலகத்துக் கோடு ஒன்றை நேராக இழுத்துப் பார்த்தேன். நடுங்கியது.

அன்றைக்கும் மறுநாளும் சுற்றித் திரிந்தேன். அட்டுவம்பட்டிப் பாதையில் ஒரு பாறையில் பாசி வட்டம் வட்டமாகப் படர்ந்திருந்தது. நடுவில் சாம்பல், அதைச் சுற்றிப் பச்சை, அதைச் சுற்றி மங்கிய மஞ்சள். காட்டோடையின் கரையில் பெரணி ஒன்று, இன்னும் விரியாத நுனியைச் சுருட்டி வைத்திருந்தது. ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கிறுக்கினேன். தலையில் பூண்டு மூட்டையோடு வந்த வடகவுஞ்சிக்காரர் ஒருவர் நின்று பார்த்தார்.

"சர்க்கார் அளவையா சாமி? ரோடு வருதா?"

"இல்லீங்க. பாசியை வரையிறேன்."

கொஞ்ச நேரம் பாறையைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார். "அதுக்கும் ஒரு ஆளு வேணுமில்ல" என்று சொல்லிவிட்டு நடந்தார். கேலியா, ஆசீர்வாதமா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

செவ்வாய் மாலை வீட்டுக்கு வந்தபோது அக்கா தைத்துக்கொண்டிருந்தார். நான் கோணலாகப் போட்ட மூன்று கோடுகளும் சிவப்பு நூலில் அப்படியே தையலாகியிருந்தன. ஒவ்வொரு நடுக்கமும் அதில் தெரிந்தது. எனக்கு முகம் சூடாகிவிட்டது.

"அத ஏன்க்கா தைச்சே? அழிச்சிருக்கலாம்ல?"

"கோடு போட்டா தைக்கிறது என் சோலி." ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். "கார்டு வந்த அன்னைக்கே எனக்குத் தெரியும்லே. வந்ததுலேர்ந்து காப்பிய ரெண்டு கையாலதான் பிடிக்கிறே. எப்பச் சொல்லுவேன்னு பார்த்துக்கிட்டிருக்கேன்."

சொல்லிவிட்டேன். மேலதிகாரி, ரெக்கார்டு ரூம், தூக்கமின்மை, எல்லாவற்றையும். அப்பாவின் பெயரைச் சொல்ல முடியாமல் நிறுத்தினேன்.

"அப்பா மாதிரி ஆயிருமோன்னுதானே?" என்றார் அக்கா. ஊசியைக் கீழே வைத்தார். "எனக்கும் அந்தப் பயம் இருக்கு. காலையில முதல்ல ஊசியில நூல் கோக்குறப்போ, ஒரே தடவையில போகுதான்னு பாக்குறேன். பத்து வருஷமாப் பாக்குறேன்."

அக்கா பத்து வருஷமாகவும் நான் தீபாவளியிலிருந்தும் ஆளுக்கொரு ஊரில் ஒரே பயத்தோடு இருந்திருக்கிறோம்! ஒரு கார்டில்கூட அதை எழுதிக்கொண்டதில்லை.

புதன்கிழமை வெள்ளனே எழுப்பி, டவுனில் உள்ள ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். எட்டே முக்காலுக்குப் போனோம், பத்தரைக்குக் கூப்பிட்டார்கள். டாக்டர் என் கையை என் மடியிலேயே வைத்துவிட்டு ஜன்னல் வழியே மலையைப் பார்க்கச் சொன்னார். எழுந்து நடக்கச் சொன்னார். மணிக்கட்டைப் பிடித்து மடக்கி நீட்டினார். ஒரு தாளில் நேர்கோடு போடச் சொன்னார். நடுங்கியது. நோட்டை நானாகவே எடுத்துக் காட்டினேன். "இதை இப்போது போடுங்கள்" என்றார். அலைகளைப் போட்டேன். நடுங்கவில்லை.

"உங்கள் அப்பாவுக்குக் கை சும்மா இருக்கும்போதும் நடுங்கியதா?"

"மடியில வெச்சிருந்தாலே ஆடிக்கிட்டிருக்கும் டாக்டர்" என்று அக்கா பதில் சொன்னார்.

"இவருக்குச் சும்மா இருக்கும்போது ஆடவில்லை. விறைப்பும் இல்லை. அது வேறு, இது வேறு. பேனாவைக் கழுத்தை நெரிக்கிற மாதிரி பிடிக்கிறார், இரவில் தூங்குவதில்லை, நடுங்குமோ என்று பயந்தே நடுங்குகிறார். தூங்கட்டும். காப்பியைக் குறைக்கட்டும். ஆறு மாதம் கழித்து ஒருமுறை காட்டுங்கள்." பிறகு அக்காவின் பக்கம் திரும்பி, "நீங்களும் கையை நீட்டுங்கள்" என்றார். நீட்டினார். இடக்கைச் சுட்டுவிரல் முழுக்க ஊசிப் புள்ளிகள். டாக்டர் சிரித்தார். "என் கையைவிட உறுதியாக இருக்கிறது."

வெளியே வந்ததும் அக்கா ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்து, முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். நான் பக்கத்தில் நின்றேன். ஐந்து நிமிஷத்தில் எழுந்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "பசிக்குதுடா" என்றார். பஜாரில் சுடச்சுட வெங்காய பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா ஆறு தின்றார். நான் எண்ணவில்லை, அவரே பெருமையாகச் சொன்னார். அன்றிரவு ஒன்பது மணிக்குப் படுத்தவன், மறுநாள் சூரியன் கம்பளியில் விழுந்த பிறகுதான் கண் விழித்தேன்.

வியாழக்கிழமை சுண்ணக்கட்டியைத் தளர்வாகப் பிடித்துக்கொண்டு, தையலாகிவிட்ட அந்த மூலையிலிருந்தே தொடங்கினேன். நடுங்கிய முதல் மூன்று கோடுகள் எப்படிப் போயினவோ அதையே அனுசரித்து நான்காவது. அடுத்தடுத்துப் போகப்போக நடுக்கத்தின் கூர் மழுங்கி நெளிவானது. நடுவில் பாசி வட்டங்கள், எதிர் மூலையில் சுருண்ட பெரணி. அக்கா ஒரு பக்கமும் சகாயமேரி மறுபக்கமுமாகத் தைத்தார்கள். நான் கோடு போட்டு முடித்தது மூன்று மணி நேரத்தில். அவர்கள் தைத்து முடிக்க ஐந்து நாள் ஆயிற்று. அந்த நாட்களில் என் சோலி அவர்களுக்கு நூல் கோத்துக் கொடுப்பது. பெரும்பாலும் இரண்டாவது தடவையில் போய்விடும்.

நாற்பதாம் நாளுக்கு முந்தைய தினம் ராவுத்தர் வீட்டில் கொண்டுபோய் விரித்தோம். அவர் மனைவி மைமூன் பீவி உள்ளங்கையால் தையலைத் தடவிக்கொண்டே போனார்.

"மத்த குயில்ட்டெல்லாம் கட்டம் கட்டமா இருக்கும். இது எந்த ஊரு டிசைன் கமலம்?"

"நம்ம செண்பகனூர் டிசைன்தாங்க" என்றார் அக்கா, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

பேரனைக் கொண்டுவந்து நடு வட்டத்தில் கிடத்தினார்கள். அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். உடனே நனைத்துவிட்டான். வீடே சிரித்தது. ராவுத்தர்தான் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தார். "கையெழுத்துப் போட்டுட்டான்!"

பின்னால் நடந்ததையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அலுவலகத்தில் நான் வரைந்து காட்டிய ஷீட் பிரமாதமில்லை. இரண்டு இடத்தில் கோடு தடித்துவிட்டது. மேலதிகாரி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "போதும், மீதி தானாக வரும்" என்றார். ரெக்கார்டு ரூமுக்குப் போக வேண்டியிருக்கவில்லை. ஆறு மாதம் கழித்துக் காட்டியபோதும் டாக்டர், "அது வேறு, இது வேறு" என்றுதான் சொன்னார்.

ஆனால் அது தெரியாமலேதான் அந்தச் சனிக்கிழமை மலையிறங்கினேன். ஊத்து என்னும் ஊர் தாண்டியதும் ஸ்வெட்டரைக் கழற்றினேன், காட்ரோட்டில் சட்டைப் பொத்தானை. கோடைக்கானலில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு கோடு தானாக வந்து கண்ணில் நிற்கும். சமவெளியில் அப்படி எதுவும் கிடைக்காது என்று ரயிலில் உட்கார்ந்து கொஞ்சம் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன்.

சோழவந்தானில் வெற்றிலைக் கவுளிகளோடு ஓர் அம்மாள் ஏறி எதிரே உட்கார்ந்தார். ஈரத்துணியை விலக்கி, வாடியவற்றைப் பொறுக்க ஆரம்பித்தார். ஓர் இலை என் காலடியில் விழுந்தது. எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். காம்பிலிருந்து பிரிந்த நரம்புகள் ஒன்றையொன்று பார்த்து வளைந்து, நுனியில் போய்க் கூடியிருந்தன. நோட்டை எடுத்தேன்.

"என்னத்தய்யா வரையிறீக?"

"இந்த வெத்தலையைத்தாம்மா. சும்மா."

"சும்மா வரையிறதுக்கு வாடுனது எதுக்கு?" என்று நல்ல கொழுந்தாக ஒன்றை உருவி என் மடியில் வைத்தார். "இதப் பாத்து வரைங்க. வரைஞ்சுட்டுப் போட்டுக்கங்க."

வண்டி மதுரைக்குள் நுழைந்தபோது இலையில் பாதிதான் வரைந்திருந்தேன். எல்லாரும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நெருக்கினார்கள். நான் உட்கார்ந்து இன்னும் ஒரு நரம்பைப் போட்டேன்.