வாக்-இன் குளோசெட்டில் ஒரு லண்டன் தொந்தி

'எஸ்டேட் சேல்' என்ற போர்டைப் பார்த்தால் என் கார் தானாகத் திரும்பிவிடும். வீட்டுக்காரர் காலமாகிவிட்டாலோ, முதியோர் இல்லத்துக்குப் போய்விட்டாலோ, ஸ்பூன் முதல் சோபா வரை விலை ஒட்டி விற்றுவிடுவார்கள். போன மாதம், இங்கே டெக்சாஸில், எங்கள் சுகர் லேண்டிலேயே, அப்படி ஒரு வீட்டில்தான் அந்தப் படம் கிடைத்தது.

பதினெட்டாம் நூற்றாண்டு லண்டன் கேலிச்சித்திரம். செப்புத் தகட்டில் கீறி, காகிதத்தில் அழுத்தி எடுத்து, மேலே கையால் கலர் பூசியது. ஒரு விருந்து மேஜை. நடுவில் பட்டன் தெறிக்கும் தொந்தியோடு ஒரு கனவான். மூன்றடுக்குத் தாடை, ஒரு புருவம் மட்டும் மேலே ஏறியிருக்கிறது, ஒரு கையில் கோழிக்கால், இன்னொரு கை பக்கத்துத் தட்டை நோக்கி... சுற்றிலும் ஒரு கூட்டம்.

அந்தக் காலத்தில் இவற்றைக் கடை ஜன்னலில் மாட்டி வைப்பார்களாம். வாங்க முடியாதவர்கள் தெருவில் நின்று சிரித்துவிட்டுப் போவார்களாம். ஒரு மாலைப் பொழுதுக்கு ஆல்பமாக வாடகைக்கும் கொடுப்பார்களாம் — நம் ஊரில் வீடியோ கேசட் எடுத்தோமே, அந்த மாதிரி.

லிவிங் ரூமில் மாட்டினேன். போகும்போதும் வரும்போதும் பார்த்துச் சிரித்துக்கொண்டேன்.

பிறகு டாலஸிலிருந்து என் மகள் நிலா வந்தாள். மறுநாள், அவள் கட்டிக்கொள்ளப் போகும் கார்த்திக்கின் அப்பா அம்மா பார்சிப்பனியிலிருந்து விமானத்தில் வருவதாக ஏற்பாடு. அதுவரை வீடியோ காலில் மட்டுமே பார்த்த சம்பந்திகள். நேரில் வந்து நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறிக்க வேண்டும்.

நிலா பெட்டியைக் கீழே வைக்கக்கூட இல்லை. படத்தைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"அம்மா... திஸ் இஸ் அங்கிள்."

"எந்த அங்கிள்டி?"

"கார்த்திக்ஸ் டாட்."

பார்த்தேன். அதே தாடை. அதே புருவம். "அங்க வெயில் எப்படி?" என்று வீடியோ காலில் கேட்கும்போது ஏறுமே... அதேதான். தினமும் பார்க்கிற எனக்கு இது எப்படித் தெரியாமல் போனது?

"ஹி இஸ் ஸோ சென்சிடிவ்மா. ப்ளீஸ், டேக் இட் டவுன்."

சென்சிடிவ் என்றால் சும்மா இல்லை. உறவுக்காரர் கல்யாணத்தில் குரூப் போட்டோவுக்குக் கூப்பிடவில்லை என்று சாப்பிடாமலே கிளம்பிய மனிதர். அவரைச் சம்மதிக்க வைக்க இந்தப் பிள்ளைகள் இரண்டும் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

படத்தை இறக்கினேன். எங்கே ஒளிப்பது? மாடியில் எங்கள் பெட்ரூமின் வாக்-இன் குளோசெட்டில், அதாவது துணிமணி மாட்டும் உள்ளறையில், சுவரோரம் சாய்த்து வைத்தேன். அங்கே யார் வரப்போகிறார்கள்? என் கணவர் இந்தியக் கடைகள் இருக்கும் ஹில்கிராஃப்டுக்கு ஸ்வீட் வாங்கப் போயிருந்தார். அவரிடம் சொல்ல மறந்துபோனேன்.

மறுநாள் சம்பந்திகள் வந்தார்கள். காபி ஆயிற்று. கணவர் எழுந்தார்.

"வாங்க சம்பந்தி, வீட்டைச் சுத்திப் பாத்துடலாம்."

அமெரிக்கத் தமிழர் வீட்டுக்கு வந்திருக்கிறீர்களா? ஹவுஸ் டூர் இங்கே ஒரு சடங்கு. பேன்ட்ரி, லாண்டரி ரூம், வாட்டர் ஹீட்டர் எதையும் விடமாட்டோம். அதன் உச்சகட்டமே வாக்-இன் குளோசெட்தான். "இதுக்குள்ள ஒரு கட்டிலே போடலாம்" என்று சொல்லாத தமிழ்க் கணவர் டெக்சாஸில் உண்டா? ஒவ்வொரு டூரிலும் கூடவே போகிற நான்தான், அங்கே கொண்டுபோய் ஒளித்திருக்கிறேன்.

பாதிப் படியில்தான் உறைத்தது.

"குளோசெட் வேணாங்க, ஒரே குப்பையா கெடக்கு."

"சம்பந்திகிட்ட என்ன கூச்சம்?" என்று கணவர் கதவைத் திறந்து லைட்டையும் போட்டார்.

சம்பந்தி நின்றார். குனிந்தார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். கூடவே புருவமும் ஏறியது. நிலா என் கையைப் பிடித்தாள்.

"இது..." என்றார். "அப்படியே எங்க அண்ணன் மாதிரி இல்ல?"

நிலா என் கையை விட்டாள்.

"பாரு, அடுத்தவன் தட்டுல கை வைக்கிறது கூட அவரேதான்" என்று மனைவியிடம் காட்டித் தொந்தி குலுங்கச் சிரித்தார். அந்த அம்மாள் என்னை ஒரு பார்வை பார்த்தார். "ஆமாங்க, அண்ணனேதான்" என்றார், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சம்பந்தி அண்ணனுக்கு அனுப்ப ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார். படத்தை அவரே கீழே தூக்கி வந்து, "இத போய் உள்ள வச்சிருக்கீங்களே" என்று லிவிங் ரூமில் மாட்டியும் விட்டார். தை பிறந்ததும் நிச்சயதார்த்தம் என்று முடிவாயிற்று. கிச்சனுக்குள் வந்து நிலா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும்தான்.

அந்த லண்டன் கடைகள் எப்படி ஓடின என்று இப்போது புரிகிறது. ஜன்னல் முன் நின்ற ஒவ்வொருவரும் படத்தில் பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்துச் சிரித்திருப்பார். தன்னைப் பார்த்தவர் ஒருவராவது இருந்திருப்பாரா?

சம்பந்திகள் ஏர்போர்ட்டுக்குக் கிளம்பியதும், "பாவம் மனுஷன், தன் மூஞ்சி தனக்கே தெரியல" என்றேன்.

நிலா அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் சீலிங் ஃபேனைப் பார்த்தார்.

"என்ன?"

"நத்திங், மா."

படத்தின் அருகே போய் நின்று பார்த்தேன். மேஜையின் கோடியில் ஒரு அம்மாள். யாரையும் சாப்பிட விடாமல், விரலை நீட்டி நீட்டிப் பேசிக்கொண்டே இருக்கிறாள்.

அப்படியே என் தங்கை.